குடிப்பவருக்குத் தெரியாமல்

தமிழ்நாட்டில் பேருந்து ஏறியிருக்கிற யாருக்கும் இந்த விளம்பரத்தைத் தெரிந்திருக்கும். மட்டமான காகிதம், பெரிய எழுத்து, ஒரு கைபேசி எண், அதற்கு மேலே: குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தலாம். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் இருக்கும், மின்கம்பத்தில் இருக்கும், வார இதழின் கடைசிப் பக்கத்திலும் இருக்கும். இப்போது யூடியூபுக்கும் வந்துவிட்டது. சாம்பாரில் கலக்கலாம், காபியில் கலக்கலாம், வாசனை கிடையாது, நிறம் கிடையாது, பக்க விளைவு கிடையவே கிடையாது.

குடியை நிறுத்தலாம் என்ற வாக்குறுதியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. மூலத்துக்கும் சர்க்கரைக்கும் ஆண்மைக் குறைவுக்கும் அதே சுவரில் வாக்குறுதி உண்டு, பொய் என்று தெரிந்துதான் கடந்து போகிறோம். என் சண்டை 'தெரியாமல்' என்ற அந்த ஒற்றைச் சொல்லோடு. அதை ஒரு கூடுதல் வசதி மாதிரி விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஆனால் ஒரு மருந்தை விஷமாக்குவது அந்தச் சொல்தான். உருவகமாகச் சொல்லவில்லை, மருந்தியலாகச் சொல்கிறேன்.

அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று பாக்கெட்டில் எழுதியிருக்காது. அதை விடுங்கள். இதே வேலையை இன்னொரு வழியிலும் செய்கிறார்கள்: மருந்துக்கடையில் டைசல்ஃபிரம் மாத்திரை வாங்கி, நுணுக்கி, குழம்பில் கலப்பது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை. சீட்டு இல்லாமலே கிடைக்கும், விலையும் சில ரூபாய்தான். இப்படி ரகசியமாகக் கொடுக்கப்பட்டு ஆபத்தான நிலையில் வந்து சேர்ந்தவர்களைப் பற்றி நம் மனநல மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆக இது ஏதோ போலி வைத்தியர்களின் விவகாரம் மட்டும் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

டைசல்ஃபிரம் பிறந்த இடம் ரப்பர் தொழிற்சாலை. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் வேலையை வேகப்படுத்தச் சேர்க்கிற வேதிப்பொருட்களின் குடும்பம் அது. 1937இல் அமெரிக்காவில் ஈ.ஈ. வில்லியம்ஸ் என்ற தொழிற்சாலை மருத்துவர் ஒரு குறிப்பு எழுதினார். அந்தக் குடும்பத்துப் பொருளோடு புழங்குகிற தொழிலாளர்களுக்கு மது ஒத்துக்கொள்ளவில்லை. குடித்தால் முகம் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. குடிக்கு ஒரு மருந்து கையில் மாட்டிவிட்டதோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. யாரும் அதைத் தொடரவில்லை. பத்தாண்டு கழித்து கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கப்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் குடல் புழுவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி மாத்திரையைத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மது அருந்தியபோது இருவருக்கும் ஒரே அவஸ்தை. புழு விஷயம் பின்னால் போயிற்று. 1948இல் லான்செட் இதழில் கட்டுரை, 1951இல் அமெரிக்காவில் அனுமதி, ஆன்டாபியூஸ் என்ற பெயரில் உலகப் புகழ்.

வேலை செய்கிற விதம் எளிமையானது. உடல் ஆல்கஹாலை இரண்டு படியில் உடைக்கிறது. முதல் படியில் அது அசிட்டால்டிஹைடு ஆகிறது. இது நச்சு. இரண்டாம் படியில் ஒரு நொதி அந்த நச்சை அசிட்டேட்டாக மாற்றி ஆபத்தில்லாமல் செய்கிறது. டைசல்ஃபிரம் அந்த இரண்டாவது நொதியை முடக்கிவிடும். (மென்பொருள்காரன் பாஷையில்: வரிசையில் வேலை வந்து குவிகிறது, எடுத்து முடிக்க வேண்டிய சர்வீஸ் செத்துக் கிடக்கிறது.) நச்சு தேங்குகிறது. முகமும் கழுத்தும் சிவந்து கொதிக்கும், தலை வெடிக்கும், வாந்தி, படபடப்பு, மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் சரிவு. கடுமையானால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். முடங்கிய நொதி மறுபடி உயிர்பெறாது, உடல் புதிதாக உற்பத்தி செய்ய வேண்டும். அதனால் கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கிறது.

ஆரம்ப காலத்தில் இன்றைய அளவைப் போலப் பல மடங்கு கொடுத்தார்கள். மருத்துவமனையில் வைத்து மாத்திரையும் கொடுத்து மதுவும் கொடுத்து 'பார், இதுதான் நடக்கும்' என்று காட்டுகிற பழக்கமும் இருந்தது. சாவுகள் நடந்தன, அதெல்லாம் கைவிடப்பட்டது. இன்று வழக்கமான அளவு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம். அதற்கும் நிபந்தனைகள் உண்டு: இதய நோயாளிக்குக் கூடாது, மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவருக்குக் கூடாது, கல்லீரலைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், கடைசி மதுவுக்குப் பிறகு 12 மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த மருந்தின் குறிப்புத்தாளில் எல்லாவற்றுக்கும் மேலே கட்டம் கட்டிப் போட்டிருக்கிற எச்சரிக்கை என்ன தெரியுமா? போதையில் இருப்பவருக்கோ, நோயாளியின் முழு அறிதல் இல்லாமலோ ஒருபோதும் கொடுக்கக் கூடாது. உறவினர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். நம் சுவரொட்டி எதைத் தன் பெருமையாகச் சொல்கிறதோ அதைத்தான் அந்தக் கட்டம் முதல் தடையாகச் சொல்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த மாத்திரை குடிக்க வேண்டும் என்ற ஏக்கத்தைக் குறைப்பதில்லை. குடிக்காத நாளில் பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம் தூக்கக் கலக்கம், வாயில் ஒரு உலோகச் சுவை, அவ்வளவுதான். அப்படியென்றால் இது எப்படிக் குடியை நிறுத்துகிறது?

1986இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 605 பேரை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. ஒரு குழுவுக்கு 250 மில்லிகிராம். இன்னொரு குழுவுக்கு டைசல்ஃபிரம் என்று சொல்லி வெறும் 1 மில்லிகிராம், அதாவது பயம் மட்டும். மூன்றாவது குழுவுக்கு மருந்தே இல்லை. ஓராண்டு முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் விகிதத்தில் மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒழுங்காக மாத்திரை எடுத்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். ஆனால் எந்தக் குழுவில் இருந்தாலும், கொடுத்ததை ஒழுங்காக எடுத்தவர்கள் மற்றவர்களைவிட மிக அதிகமாகக் குடியை விட்டிருந்தார்கள். பிறகு 2014இல் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த ஆய்வுகளில் டைசல்ஃபிரம் நன்றாகவே வேலை செய்தது. நிஜ மாத்திரையா வெற்று மாத்திரையா என்று மறைத்து நடத்திய ஆய்வுகளில் வித்தியாசமே காணோம். காரணம் புரிந்துகொள்ள எளிது. மறைத்து நடத்தும்போது இரண்டு குழுவும் 'நாம விழுங்கியது அந்த மாத்திரையா இருக்கலாம்' என்று ஒரே அளவு பயப்படுகிறது. பயம் சமமாகிவிட்டால் மருந்தும் சமமாகிவிடுகிறது. சோவியத் யூனியனில் வெறும் திரவத்தை ஊசியில் ஏற்றி 'இனி குடித்தால் செத்துப்போவாய்' என்று சொல்லியே குடிக்குச் சிகிச்சை செய்தார்கள். அது மோசடிதான். ஆனால் எந்த இடத்தில் வேலை நடக்கிறது என்பதை அந்த மோசடிக்காரர்கள் சரியாகப் பிடித்திருந்தார்கள்.

நமக்கு இது புதிதும் இல்லை. கார்த்திகையில் மாலை போடுகிறார்களே, யோசித்துப் பாருங்கள். வருஷம் முழுக்கக் குடிக்கிறவர் ஒரு மண்டலம் தொடமாட்டார். அந்தத் துளசி மணியில் எந்த வேதிப்பொருளும் இல்லை. அவருக்குத் தெரியும், பெண்டாட்டிக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும், கூடக் குடிக்கிற சேக்காளிக்கும் தெரியும்: 'சாமி மாலை போட்டிருக்கு, கூப்பிடாத.' ஒவ்வொரு மாலையும் நூறு தடவை எடுக்க வேண்டிய முடிவை, காலையில் ஒரே தடவையில் எடுத்துக் கழுத்தில் மாட்டிவிடுகிறார். டைசல்ஃபிரம் செய்வதும் அதேதான். காலையில் காபிக்கு முன்னால், மனம் தெளிவாக இருக்கிற அரை நிமிடத்தில், ஒருவர் தானே தன் மாலை நேரத்துக்கு விலங்கு மாட்டுகிறார். மாலையை யாருக்காவது அவருக்குத் தெரியாமல் போட முடியுமா? தூங்கும்போது கழுத்தில் போட்டுச் சட்டைக்குள் ஒளித்துவைத்தால் அவர் விரதமா இருக்கப் போகிறார்?

தெரியாமல் கலக்கும்போது அந்த முடிவு போய்விடுகிறது, பயம் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது அசிட்டால்டிஹைடு மட்டும். எந்தப் பகுதி மருந்தோ அதை எடுத்துவிட்டு, எந்தப் பகுதி விஷமோ அதை மட்டும் கொடுக்கிறோம்.

'வாந்தி எடுத்து அவதிப்பட்டால் தானா விட்டுடுவான்ல?' என்பார்கள். எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மாமா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அத்தை எப்படியோ மாத்திரை வாங்கிப் பருப்பில் கலந்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை மாமா கடையிலிருந்து வந்து திண்ணையில் சாய்ந்தார், முகம் செங்கல் நிறம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். மாரடைப்பு என்றே நினைத்து வைத்தியம் ஆரம்பித்தார்கள். 'ஏதாவது மாத்திரை சாப்பிடறாராம்மா?' என்று நர்ஸ் கேட்டபோது அத்தை இல்லை என்று தலையாட்டினார். ரொம்ப நேரம் கழித்து வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கண்ணு, நான் ஒண்ணு குடுத்துட்டேன். அவருக்குத் தெரிஞ்சா என்னைய வெட்டிப்போடுவாரு." நான் போய் டூட்டி டாக்டரிடம் சொன்ன பிறகுதான் வைத்தியம் திசை மாறியது.

மாமா பிழைத்துக்கொண்டார். அவர் என்ன பாடம் கற்றார் தெரியுமா? 'சரக்குல கலப்படம் பண்றானுங்க.' பிராண்டை மாற்றினார். வேறு எப்படி யோசிப்பார்? காரணம் தெரியாதவனுக்குத் தண்டனையும் வயிற்றுப்போக்கும் ஒன்றுதான். சில மாதம் கழித்து விஷயம் யார் மூலமோ அவர் காதுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு ஏழு மாதம் அவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மெஸ்ஸில் சாப்பிட்டார். குடியை விடவில்லை, வீட்டுச் சாப்பாட்டை விட்டார்.

இன்னும் மோசமாகவும் ஆகியிருக்கலாம். தெரியாமல் மருந்து உடம்பில் இருப்பவருக்கு மது மட்டும் ஆபத்து இல்லை. நாட்டு மருந்துக்கடை தசமூலாரிஷ்டத்தில் இயற்கையாகவே ஆல்கஹால் உண்டு, சில இருமல் டானிக்குகளிலும் உண்டு. தெரிந்து எடுப்பவரிடம் இதையெல்லாம் சொல்லித்தான் அனுப்புவார்கள். இவரிடம் யார் சொல்வது? இன்னொன்று, பல வருடம் தினமும் குடித்தவர் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்தினால், ஓரிரு நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற ஜன்னி என்று வரலாம். அதுவும் உயிரை எடுக்கும். அதனால்தான் முதலில் மருத்துவர் கண்காணிப்பில் மருந்து கொடுத்து, தயமின் ஏற்றி, நிதானமாக இறக்குகிறார்கள். மாத்திரை எல்லாம் அதற்குப் பிறகு.

இதை நண்பர்களிடம் பேசினால் இரண்டு வகை பதில் வருகிறது. முதலாவது: குடிகாரனுக்கு என்னய்யா சம்மதம்? இதைச் சொல்கிறவர்கள் மற்ற எல்லா விஷயத்திலும் தனிமனித உரிமை பேசுகிறவர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவின் தவறான பயன்பாட்டோடு சேர்ந்த மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதே சட்டம் சிகிச்சைக்கு நோயாளியின் அறிந்த சம்மதம் வேண்டும் என்கிறது. குடிகாரன் என்றதும் நம் மனதில் அவன் நோயாளி என்ற இடத்திலிருந்து குற்றவாளி என்ற இடத்துக்குப் போய்விடுகிறான், குற்றவாளியின் சோற்றில் எதையும் கலக்கலாம் என்றாகிவிடுகிறது.

இரண்டாவது பதில் எனக்கு உறைக்கிறது: அந்தப் பொம்பள வேற என்னதான் செய்வா? அடி வாங்குகிறவர் அவர். ஸ்கூல் ஃபீஸ் வைத்திருந்த டப்பா காலியாவதைப் பார்க்கிறவர் அவர். 'வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்' என்று சொன்னால் செருப்பு பறக்கிற வீட்டில் சம்மதம் பற்றி வகுப்பெடுக்க நான் யார்? அத்தையை நான் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு அந்த மாத்திரையை விற்றவரைச் சொல்கிறேன். அவருக்கு அதைத் தவிர வேறு கதவே தெரியாமல் வைத்திருக்கிற ஏற்பாட்டைச் சொல்கிறேன். 2019இல் வெளியான தேசிய கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுபவர்கள் ஏறத்தாழ 5.7 கோடி. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். தமிழ்நாட்டில் 2003இலிருந்து சில்லறை மது விற்பனை அரசின் கையில். 2023-24இல் டாஸ்மாக் வழியாக வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2023 ஜூனில் 500 கடையை மூடிய பிறகும் 4,800க்கு மேல் கடை இருந்தது. மது விற்கிற கை எந்தக் கிராமத்துக்கும் நீளும். சிகிச்சை கொடுக்கிற கை மாவட்டத் தலைநகரைத் தாண்டுவதற்குள் களைத்துப்போகும். இந்த இடைவெளியில்தான் மஞ்சள் போஸ்டர் ஒட்டுகிறார்கள்.

இனி என் பக்கத்தில் நிற்பவர்களோடும் கொஞ்சம் சண்டை. டைசல்ஃபிரம் என்றாலே காட்டுமிராண்டித்தனம், வன்முறை, உடல்மீதான கண்காணிப்பு என்று பேசுகிற ஒரு படித்த வட்டம் இருக்கிறது. ஃபூக்கோ பெயர் வராமல் முடிக்கமாட்டார்கள். மும்பையில் 100 பேரை வைத்து நடந்த ஓராண்டு ஆய்வு 2004இல் வெளியானது. பாதிப் பேருக்கு டைசல்ஃபிரம், பாதிப் பேருக்கு நால்ட்ரெக்ஸோன். நால்ட்ரெக்ஸோன் தண்டிக்காத மருந்து, குடியில் கிடைக்கும் சுகத்தையும் அதன் ஏக்கத்தையும் குறைப்பது. இரண்டு பக்கமும் மாத்திரையை எடுக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர். ஓராண்டு முடிவில் டைசல்ஃபிரம் குழுவில் 86 சதவீதம் பேர் குடிக்காமல் இருந்தார்கள், மற்றதில் 44 சதவீதம். ஏக்கம் நால்ட்ரெக்ஸோன் குழுவில்தான் குறைவு. மறைத்து நடத்திய ஆய்வு இல்லை, உண்மைதான். ஆனால் மேலே சொன்னதைப் படித்தவருக்கு அது குறையாகத் தெரியாது. வெளிப்படையாக இருந்ததுதான் அங்கே மருந்து. நம் ஊர் வீட்டில், காலையில் மனைவி தண்ணீர் டம்ளரை நீட்ட, கணவன் தெரிந்தே விழுங்குகிற மாத்திரை. பருப்பில் கலந்த அதே 250 மில்லிகிராம்தான். ஒன்றில் இரண்டு பேர் ஒரே பக்கம் நிற்கிறார்கள், இன்னொன்றில் ஒருவர் இன்னொருவரை வேட்டையாடுகிறார். இதைக் கண்காணிப்பு என்று தள்ளுகிறவர், குடிகாரக் கணவனோடு ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. இதயம் பலவீனமானவருக்கு, கல்லீரல் கெட்டுப்போனவருக்கு, கூட நின்று கொடுக்க ஆள் இல்லாதவருக்கு வேறு வழி வேண்டும். நால்ட்ரெக்ஸோனையும் அகாம்ப்ரோசேட்டையும் 2023இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை மாதிரி அவை ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்க வேண்டியது எழுதுகிறவர்களின் வேலை. நம் இலக்கிய உலகமோ கூட்டம் முடிந்ததும் எந்த லாட்ஜ் என்று கேட்கிறது. குடித்துச் செத்த கவிஞனுக்கு அஞ்சலிக் கட்டுரை எழுதுவதில் நமக்கு இருக்கிற உற்சாகம், அவன் கல்லீரல் சோதனைக்கு 500 ரூபாய் கொடுப்பதில் இருந்ததில்லை.

கடைசியாக, இதைப் படிப்பவர்களில் யாருடைய வீட்டிலாவது இப்போதே கலந்துகொண்டிருக்கலாம். இன்றோடு நிறுத்துங்கள். நிறுத்தியும் இரண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யும் என்பதை மறக்காதீர்கள். அவரிடம் சொல்ல பயமாக இருந்தால், முதலில் ஒரு மனநல மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள், எப்படிச் சொல்வது என்று அவர் பார்த்துக்கொள்வார். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் டெலி-மானஸ் எண் 14416, தமிழில் பேசலாம். அதற்குள் அவர் குடித்துவிட்டு முகம் சிவந்து நெஞ்சைப் பிடித்தால் ஆம்புலன்ஸுக்கு 108. மாத்திரை அட்டையையோ பொடிப் பாக்கெட்டையோ அடுப்பில் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள். 'ஏதாவது சாப்பிடறாரா?' என்று கேட்கிற முதல் ஆளிடம், அவர் காதில் விழாத தூரத்தில் நின்றாவது, பெயரைச் சொல்லிவிடுங்கள்.